யாளியின் முதுகில் இருப்பவன்

திருவண்ணாமலை என்றதும் கார்த்திகை தீபமும் கிரிவலமும் நினைவுக்கு வருமென்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வேறு திருவண்ணாமலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் சிறு குன்று. உச்சியில் சீனிவாசப் பெருமாள். சுற்றுவட்டாரத்தில் தென் திருப்பதி என்று பெயர். திருப்பதிக்குப் போக வாய்க்காதவர்கள் இங்கே வந்து நேர்த்திக்கடனைத் தீர்த்துக்கொள்வார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் வரும் கூட்டத்தில் படிக்கட்டு தெரியாது.

அப்படியொரு சனிக்கிழமை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பையனின் கையில் தடித்த ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அட்டையில் நீல நிறத்தில் ஒரு டிராகனின் முகம். ‘எரகான்’. அவனுடைய பாட்டி எட்டிப் பார்த்து, “என்னடா அது, ஓணானா?” என்றார். “டிராகன் பாட்டி. இதுமேல ஏறிப் பறப்பாங்க.” “நம்ம பெருமாள் கருடன்மேல வர்ற மாதிரியா?” பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அது வேற, இது வேற.”

வரிசை நகர்ந்துவிட்டது. அந்த வாக்கியம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. வேறுதானா என்று பார்க்கும் முயற்சியே இந்தக் கட்டுரை.

முதலில் பையனின் கட்சி. ‘எரகான்’ நாவலை எழுதிய கிறிஸ்டோபர் பாவ்லினி 1983-ல் பிறந்தவர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்து வளர்ந்தவர். பதினைந்து வயதில் எழுத ஆரம்பித்தார். 2002-ல் குடும்பமே சொந்தமாக அச்சிட்டு வெளியிட்டது. பையன் இடைக்கால ஐரோப்பிய உடை மாட்டிக்கொண்டு பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் போய்ப் பேசி விற்றிருக்கிறார். எழுத்தாளர் கார்ல் ஹையசனின் வளர்ப்பு மகன் அதைப் படித்துச் சிலாகிக்க, அவர் தம் பதிப்பாளரிடம் சொல்ல, 2003-ல் நாஃப் நிறுவனம் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. 2006-ல் திரைப்படமானது. தொடர் நான்கு பாகங்களாக 2011-ல் முடிந்து, 2023-ல் ‘மர்டாக்’ என்று மீண்டும் துளிர்த்தது.

கதை எளிது. வேட்டைக்குப் போன பண்ணைச் சிறுவனுக்கு ஒரு நீலக் கல் கிடைக்கிறது. அது கல் அல்ல, முட்டை. அதிலிருந்து வெளிவரும் டிராகன் அவனைத் தொட்டதும் உள்ளங்கையில் ஒரு வடு விழுகிறது. அன்றிலிருந்து அவன் மனம் அதற்குத் தெரியும், அதன் மனம் அவனுக்குத் தெரியும். டோல்கீனும் ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களும் ஒவ்வொரு அத்தியாயத்திலும் எட்டிப் பார்க்கின்றன என்பது விமர்சகர்களின் புகார். நியாயமான புகார்தான். ஆனால் பதினைந்து வயதில் படிப்பவனுக்கு அது பொருட்டல்ல. எந்நேரமும் தன்னைப் புரிந்துகொள்ளும் பேருருவம் ஒன்று கூடவே இருக்கிறது என்ற நினைப்புக்கு அந்த வயதில் உள்ள ஈர்ப்பை நாம் மறந்துவிட்டோம், அவ்வளவே.

இந்த நட்பு ஐரோப்பிய மரபில் மிகவும் புதியது என்பதுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. அங்கே டிராகன் கொல்லப்பட வேண்டியது. பழைய ஆங்கிலக் காவியமான பேயோவுல்ஃபில் கிழட்டு அரசன் டிராகனைக் கொன்று தானும் சாகிறான். புனித ஜார்ஜ் குதிரைமேல் இருந்து ஈட்டியால் குத்துகிறார். ஏறியிருப்பது குதிரையின்மேல், டிராகன் குளம்படியில். டோல்கீனின் 1937-ஆம் ஆண்டு ‘ஹாபிட்’டிலும் டிராகன் பொற்குவியல்மேல் படுத்துக் கிடந்து அம்பு தைத்துச் சாகிறது. டிராகன் பூட்டிய தேரில் மெடியா தப்பிப் போனாள் என்று கிரேக்கக் கதை சொல்லும். சீனத்தில் மஞ்சள் பேரரசர் டிராகன்மேல் ஏறி விண்ணுலகு போனார் என்பர். ஆயினும் டிராகனும் மனிதனும் ஆயுளுக்கும் பிணைக்கப்பட்ட இரட்டையர் என்ற கற்பனையை நிலைநாட்டியவர் ஆன் மெக்காஃப்ரி. 1967-ல் ‘அனலாக்’ இதழில் வந்த அவருடைய குறுநாவல் மறு ஆண்டு ஹியூகோ விருது பெற்றது. புனைவுக்காக அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. பாவ்லினியும், 2023-ல் உலகெங்கும் விற்றுத் தள்ளிய ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’கும் அந்த மரத்தின் கிளைகள். ஆக, டிராகன்மேல் ஏறிய வீரனுக்கு அங்கே வயது அறுபதைத் தாண்டவில்லை.

நம் பக்கம் திரும்பினால் கணக்கு தலைகீழாகிறது. இங்கே விசித்திர விலங்கின்மேல் வீரன் ஏறி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அவனுக்குக் கதை இல்லை.

யாளியைச் சொல்கிறேன். சங்கப் பாடல்களில் அது ஆளி. இன்று கோயில் தூணில் நாம் பார்க்கும் துதிக்கையும் பிதுங்கிய கண்ணும் கொண்ட கலவை மிருகமாக அது அங்கே தெரிவதில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில், இரவில் தலைவன் வரும் மலைவழியின் ஆபத்துகளைத் தோழி அடுக்கும்போது புலி, கரடி, காட்டுப்பசு, யானை இவற்றோடு ஆளியும் ஒன்றாக வருகிறது. மற்றவற்றை நம்பி இதை மட்டும் கற்பனை என்று அவள் சொல்லியிருக்க முடியாது. அகநானூற்றில் அது யானையின் முகத்தில் பாய்ந்து தந்தத்தைப் பிடுங்குகிறது. சிங்கமாக இருக்கலாம்; சிங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களின் பேச்சாகவும் இருக்கலாம். குமரிக்கண்டத்தில் மேய்ந்த நிஜ விலங்கு, டைனோசரின் ஒன்றுவிட்ட சகோதரன் என்றெல்லாம் சுற்றுக்கு வரும் செய்திகளை நண்பர்கள் எனக்கு அனுப்பாமலிருந்தால் நட்பு நீடிக்கும்.

ஆனால் ஒரே ஓர் இடம் உண்டு, பாவ்லினியின் வாசகன் அவசியம் படிக்க வேண்டியது. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார், கரிகாலன் வெண்ணிப் போரில் சேர பாண்டியர் இருவரையும் வீழ்த்தியதைச் சொல்ல வருகிறார். கரிகாலன் அப்போது இளைஞன். தாய் வயிற்றிலிருந்தே அரசுரிமை பெற்றவன் என்று அவனைப் புகழ்கிறது அப்பாட்டு. அவனுக்கு உவமையாக வருவது ஆளிக்குட்டி. இன்னும் பால் மறக்காத குட்டி, தன் வாழ்வின் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றுவிடுகிறதாம். உரிமை பறிபோகும் ஆபத்தில் வளர்ந்த பையன், பருவத்துக்கு மீறிய வலிமை, அதற்கு இணையாக ஒரு மிருகத்தின் குட்டி. இளையோர் சாகச நாவலின் முழு எலும்புக்கூடும் அந்தச் சில அடிகளில் இருக்கிறது. புலவர் பையனை மிருகத்தின் மேல் ஏற்றவில்லை, பையனையே மிருகமாக்கிவிட்டார்.

ஏற்றியவர்கள் சிற்பிகள். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எடுத்த காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சுவர்களெங்கும் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்க யாளிகள். அவற்றில் சிலவற்றின் முதுகில் ஆள் இருக்கிறான். சோழர் காலத்தில் இந்த மிருகம் அதிட்டானத்தின் மேல்விளிம்பில் யாளிவரியாக வரிசைகட்டி உட்கார்ந்தது. அழகான வரிசைதான், எனினும் அங்கே அது சுவருக்குக் கரைபோட்ட சரிகை. யாளி மறுபடி எழுந்து நின்றது விஜயநகரத்தார் காலத்தில். ஹம்பி விட்டலர் கோயில், வேலூர் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபம், காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபம் ஆகியவற்றில் தூணே யாளியாகிவிட்டது. ஒரே கருங்கல்லில் விலங்கு, வீரன், கீழே சிக்கிய யானை, சுருண்ட துதிக்கை, தூணிலிருந்து விடுபட்டுக் காற்றில் நிற்கும் முன்னங்கால்கள். பக்கத்துத் தூணில் அதே நிலையில் குதிரை, அதன்மேலும் வீரன்.

இந்தக் குதிரைதான் விஷயத்துக்குத் திறவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டின் மண் குதிரைக்கு ஒத்துவராத மண். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே கப்பல் கப்பலாகக் குதிரை இறங்குவதையும், லாடம் அடிக்கவும் பேணவும் தெரியாமல், சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போட்டே அவற்றைச் சாகடிப்பதையும் எழுதிவைத்திருக்கிறார். அவர் சொன்னதில் பாதியைத் தள்ளுபடி செய்தாலும், வருடந்தோறும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது உண்மை. விஜயநகரம் பற்றி எழுதிய போர்ச்சுகீசியக் குதிரை வணிகர் நூனிஸ், மன்னர் ஆண்டுக்குப் பதின்மூவாயிரம் ஓர்மஸ் குதிரைகள் வாங்கினார் என்கிறார். அவரே சொல்லும் இன்னொரு செய்தி இதைவிடச் சுவையானது. சாளுவ நரசிம்மன் உயிரோடு வந்த குதிரைக்கு மட்டுமல்ல, கடலில் செத்த குதிரைக்கும் விலை கொடுத்தாராம். வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும்.

வாலுக்குக் காசு கொடுத்த நாட்டில் குதிரை எத்தகைய மிருகமாக இருந்திருக்கும்! கடலுக்கு அப்பாலிருந்து வருவது, பொன்னுக்கு நிகரானது, சேனைத்தலைவனுக்கும் பாளையக்காரனுக்கும் மட்டுமே வாய்ப்பது, ஏறியவனைச் சாதாரண மனிதனிலிருந்து வேறாக்கிவிடுவது. வேலூர்ப் பக்கத்து உழவனுக்கு, முன்னங்காலைத் தூக்கிய பாரசீகக் குதிரையும் யாளியும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்திருக்கும். சிற்பி இரண்டையும் அடுத்தடுத்த தூணில் ஒரே அளவில், ஒரே பாய்ச்சலில் நிறுத்தியதில் எனக்கு வியப்பில்லை. குதிரையிடமிருந்து யாளி கடிவாளத்தை வாங்கிக்கொண்டது. யாளியிடமிருந்து குதிரை மிதப்பை வாங்கிக்கொண்டது.

நாயக்கர் ஆட்சியில் இந்த மரபு தெற்கே இறங்கியது. மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தின் முகப்பில் இன்றும் பார்க்கலாம். பல பத்தாண்டுகள் அந்த மண்டபம் தையற்கடைகளும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளுமாக இருந்தது. யாளியின் காலடியில் ரவிக்கைக்கு அளவெடுத்த ஊர் அது. அண்மையில்தான் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். நல்லதுதான்; ஆனாலும் அந்தத் தையல் இயந்திரச் சத்தமில்லாத மண்டபத்தை நினைக்கும்போது ஏதோ குறைகிறது. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்து, கருங்கல் வெடித்துச் சிதறியபோது பலருக்கும் முதல்முறையாக உறைத்தது, கல்லும் சாகும் என்று. மணல் வீச்சால் உளித்தடம் தேய்ந்த தூண்களும், சுண்ணாம்புப் பூச்சில் பல் மழுங்கிய யாளிகளும் இன்னும் மெதுவாகச் சாகின்றன.

சரி, முதுகில் இருப்பவன் யார்? இதற்குத்தான் எங்கும் விடையில்லை. குதிரைமேல் இருப்பவனுக்காவது சில இடங்களில் பெயர் உண்டு. மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டப வாயிலில் குதிரைமேல் இருப்பவரை அரியநாத முதலியார் என்கிறார்கள். யாளிமேல் இருப்பவன் பெயரற்றவன். புராணம் அவனை அறியாது. தலபுராணங்கள் தூணைத் தாண்டிப் போய்விடுகின்றன. புலனடக்கத்தின் குறியீடு, மனம் என்ற மிருகத்தை அடக்கும் ஆன்மா என்று விளக்குபவர்கள் உண்டு. எந்தச் சிலைக்கும் பொருந்தும் விளக்கம் எனக்கு விளக்கமாகத் தோன்றுவதில்லை. அந்த வீரனின் முகத்தை அருகில் போய்ப் பாருங்கள். முறுக்கிய மீசை, கச்சையில் குறுவாள், தெறிக்கும் கண். ஆன்மாவின் சாயல் ஏதும் இல்லை; கூலிக்குப் போருக்குப் போய்த் திரும்பிவந்த, அல்லது வராத, யாரோ ஒருவனின் முகம்.

ஏன் அவனைப் பற்றி ஒரு கதைகூட எழுதப்படவில்லை? தமிழ்ப் புனைவு குதிரைமேல் ஏறிவிட்டது என்பது என் பதில். 1950-ல் கல்கி வந்தியத்தேவனை வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் அனுப்பிவைத்தார். அதற்குப் பின் இரண்டு தலைமுறைக்கு வீரன் என்றால் புரவிமேல் வருபவன். சாண்டில்யனின் கதாநாயகர்கள் பக்கம் பக்கமாகப் புரவி ஓட்டினார்கள். சாகச வேட்கை முழுவதையும் சரித்திர நாவல் எடுத்துக்கொண்டது. சரித்திரம் என்று பெயர் வைத்துவிட்டதால், கல்வெட்டில் இருக்கக்கூடியதை மட்டுமே அது எழுத முடிந்தது. மாயம் ‘அம்புலிமாமா’வுக்கும் விட்டலாச்சார்யா படங்களுக்கும் ஒதுக்கப்பட்டது, அதாவது குழந்தைகளுக்கும், தங்களைக் குழந்தையாக்கிக்கொள்ளத் தயங்காத பெரியவர்களுக்கும். பதினைந்து வயதுக்காரனுக்கு நடுவில் எதுவும் இல்லை.

முற்றிலும் இல்லை என்றால் இந்தப் பகுதி ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அரை மணிப் பயணத்தில் சிவகாசி. 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியதும், 1984-ல் லயன் காமிக்ஸ் வந்ததும் அங்கிருந்துதான். தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சான ஊரில், பிரிட்டிஷ், இத்தாலிய, பிரெஞ்சுச் சித்திரக்கதைகள் தமிழ் பேசின. மேற்கு அமெரிக்கப் பாலைவனம் நம் பையன்களுக்கு மனப்பாடம் ஆயிற்று. ஆனால் அங்கேயும் நாயகன் ஏறியது குதிரைமேல்தான். கூப்பிடு தூரத்து மண்டபத்தில் யாளி காத்துக்கொண்டே இருந்தது.

இப்போது சிலர் டிராகன் இருந்த இடத்தில் யாளியை வைத்து எழுதிப் பார்க்கிறார்கள். முயற்சியை வரவேற்கிறேன், முடிவு எனக்கு நிறைவு தரவில்லை. பெயரை மாற்றுவதால் மிருகம் மாறாது. தீ கக்குவதற்குப் பதில் யானையைக் கொல்கிறது. மற்றபடி அதே முட்டை, அதே தீர்க்கதரிசனம், அதே இருண்ட அரசன். யாளிக்கும் அதன் வீரனுக்கும் நடுவே என்ன உறவு என்று கல் நமக்குச் சொல்லவில்லை. கடிவாளம் மட்டும் தெரிகிறது. அந்த உறவை வேறிடத்தில்தான் தேட வேண்டும் என்று நினைத்தபோதுதான் படிக்கட்டுப் பாட்டி நினைவுக்கு வந்தார்.

கருடனின் கதையை ஆதிபருவத்தில் படித்துப் பார்க்கலாம். அதுவும் முட்டையிலிருந்துதான் தொடங்குகிறது. வினதைக்கு இரண்டு முட்டைகள். ஐந்நூறு ஆண்டு காத்திருந்தும் பொரியாததால் பொறுமையிழந்து ஒன்றை உடைக்கிறாள். பாதி உடலோடு வெளிவந்த அருணன் தாயைச் சபித்துவிட்டுச் சூரியனின் தேரோட்டியாகப் போகிறான். இன்னொரு ஐந்நூறு ஆண்டு அடிமையாகக் காத்திருந்த பிறகு கருடன் பிறக்கிறான். தாயை மீட்க அமுதம் கவர்ந்து வரும் வழியில் திருமாலைச் சந்திக்கிறான். பெரியவர் வரம் தருகிறேன் என்கிறார். உனக்கு மேலே இருக்க வேண்டும் என்கிறான். கொடியில் இடம் கிடைக்கிறது. பிறகு பறவை சொல்கிறது: நீயும் என்னிடம் ஒரு வரம் கேள். எனக்கு வாகனமாக இரு என்கிறார். வரம் கொடுத்து வரம் வாங்கிய உறவு இது. அடக்கி ஏறியது அல்ல. ஆளவந்தார் ஸ்தோத்திர ரத்தினத்தில் கருடனை அடியவன், தோழன், ஊர்தி, ஆசனம், கொடி, விதானம், விசிறி என்று அடுக்கும்போது தோழன் என்பது ஊர்திக்கு முன்னால் வருவதைக் கவனிக்க வேண்டும்.

இந்த உறவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனிச் சலுகை உண்டு. எல்லாப் பெருமாள் கோயிலிலும் கருடன் சந்நிதிக்கு எதிரே கைகூப்பி நிற்பார். ஆண்டாள் கோயிலில் கருவறைக்குள்ளேயே, ஆண்டாள், ரங்கமன்னாரோடு ஒரே மேடையில் நிற்கிறார். திருமணத்துக்கு ரங்கநாதரைக் காலத்தில் கொண்டுவந்து சேர்த்ததற்குக் கிடைத்த இடம் என்பது ஊர் வழக்கு. ஊர்தி பக்கத்தில் நிற்கும் மணக்கோலம் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பெரியாழ்வாரின் கதையிலும் இரண்டு ஊர்திகள் எதிரெதிரே வருகின்றன. பாண்டியன் சபையில் பொற்கிழி வென்று மதுரைத் தெருவில் யானைமேல் பவனி வருகிறார் ஆழ்வார். வானில் கருடன்மேல் வருகிறார் பெருமாள். மேலே வந்தவரைக் கண்டு, அவருக்குக் கண்ணேறு பட்டுவிடுமே என்று பயந்து, யானையின் கழுத்து மணியையே தாளமாக்கி ஆழ்வார் பாடியதுதான் திருப்பல்லாண்டு என்கிறது குருபரம்பரை. விண்ணில் பறப்பவனைப் பார்த்துத் தரையில் இருப்பவன் கவலைப்படுவது! எரகானில் இப்படியொரு காட்சி இல்லை.

ஆடிப்பூரத் திருவிழாவின் ஐந்தாம் நாள் இரவு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐந்து கருட சேவை. பெரிய பெருமாள், ரங்கமன்னார், காட்டழகர் சுந்தரராசப் பெருமாள், திருத்தங்கல் அப்பன், இவர்களோடு திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளும் குன்றிலிருந்து இறங்கி ஊருக்குள் வருவார். ஐவரும் ஐந்து கருடன்கள்மேல். ஆண்டாள் பெரிய அன்னத்தில், பெரியாழ்வார் சிறிய அன்னத்தில். தோளில் தண்டு ஏந்தியவர்கள் ஓரடி முன்னும் பின்னும் ஆட்டும்போது கருடனின் சிறகுகள் தீவட்டி வெளிச்சத்தில் எழுந்து தாழும். ஓர் ஆடியில் தேரடிப் பக்கம் நின்றிருந்தேன். முன்னால் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த நான்கைந்து வயதுக் குழந்தை, திருவண்ணாமலைப் பெருமாளைக் காட்டிச் சத்தமாகக் கேட்டது: “அந்தக் குருவிக்கு முதுகு வலிக்காதாப்பா?”

அப்பா சொன்ன பதில் நாதஸ்வரத்தில் கேட்கவில்லை.